எந்தத் தவறுக்கும் எரியாத பலகை

டிசைன் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய வேலை எது?" ராயபுரத்தில் சரக்குக் கிடங்கு வாசலில் லாரி எண்களைக் காட்டும் ஆளுயரப் பலகையைச் சொல்வேன் என்று காத்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பலகையைப் பற்றி. கிடைவரிசை ஏழு, நெடுவரிசை ஐந்து, சந்திக்கும் இடமெல்லாம் ஒரு சிவப்பு எல்இடி. ஒரே ஒரு எழுத்தைக் காட்டும். அவ்வளவுதான். சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டே பார்க்காதவர்களுக்காகச் செய்த பலகை அது. என் பணிக்காலத்தில் நான் அதிகம் யோசித்ததும், அதிகம் சண்டை போட்டதும், கடைசியில் அதிகம் ஜெயித்ததும் அதற்காகத்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். காலடிப்பேட்டையில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் நான் டிசைனராக இருந்தேன். மணலி, எண்ணூர் ஆலைகளுக்கு இண்டிகேட்டர் பேனல் செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். ஆலைகள் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் திரைக்கு மாறத் தொடங்கியிருந்தன. எங்களுக்கு வேலை வற்றிக்கொண்டு வந்தது. முதலாளி மூர்த்தி சார் புதிதாக எதையாவது பிடித்தாக வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் எண்ணூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். கடற்கரைக் குப்பத்துப் பெண்களுக்கு ஒரு அறக்கட்டளை தொழிற்பயிற்சி மையம் நடத்திவந்தது. அதில் எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு அவருடையது.

நானும் மூர்த்தி சாரும் போனோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீளமான அறை. ஜன்னலுக்கு வெளியே கடல் காற்று, அனல்மின் நிலையச் சாம்பல் வாசனையோடு. டீச்சர் மேசை டிராயரைத் திறந்து ஒரு பலகையை எடுத்துவைத்தார். வெளியூரில் வாங்கிய எல்இடி பயிற்சிப் பலகை. நடுவில் ஒரு வரிசை முழுக்கக் கருகிக் கிடந்தது.

"யாரு எரிச்சது?" என்று கேட்டார் மூர்த்தி சார்.

"பவானின்னு ஒரு பொண்ணு சார். நல்லா கவனிக்கிறவ. இது எரிஞ்ச அன்னிக்கு எங்க பயிற்சியாளர் ஒருத்தர் எல்லார் முன்னாலயும் கத்திட்டாரு. அடுத்த நாள்லேருந்து அவ வரல. மத்தவங்க வர்றாங்க, ஆனா ஒருத்தியும் எதையும் தொடமாட்டேங்கறா. நான் செய்யறத தள்ளி நின்னு வேடிக்கை பாக்கறாங்க. தொடாம எப்படி சார் வேலை கத்துக்கறது?"

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். அறக்கட்டளையின் கமிட்டி மையத்தைப் பார்க்க வரப்போகிறது. இந்த வகுப்பை மூடிவிட்டு மூன்றாவது தையல் வகுப்பு தொடங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. "தையல் தப்பில்ல மேடம். ஆனா இந்தப் பக்கம் இத்தனை ஃபேக்டரி இருக்கு. பேனல் கட்டற வேலைக்கு இவங்கள ஏன் எடுக்கக்கூடாது?"

நான் பயிற்சிக்காலத்தில் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். கிரேன் பேனல் புகைந்து ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவந்தால், அவர் ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார். நேராகப் பேனலுக்குள் தலையை விடுவார். "எது எரிஞ்சுதுன்னு மொதல்ல கேளு. யார் எரிச்சாங்கன்னு ஆரம்பிச்சா, அது ஏன் எரிஞ்சுதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்ட வேறு பல விஷயங்கள் மறந்துவிட்டன. இது மறக்கவில்லை. கருகிய பலகையைக் கையில் வாங்கித் திருப்பினேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒரு முறை சொல்கிறேன். இந்த மாதிரிப் பலகையில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. முதல் வரிசை எரிந்து அணையும், அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டே போகும். அது வேகமாக நடப்பதால் நம் கண் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முழு எழுத்தாகப் பார்க்கிறது. ஒவ்வொரு வரிசையும் கண நேரம்தான் எரிகிறது என்பதால் மங்கலாகத் தெரியும். அதை ஈடுகட்ட அந்தக் கண நேரத்துக்கு எல்இடி தாங்கக்கூடியதைப் போலப் பல மடங்கு கரண்ட்டைத் தள்ளுவார்கள். வேகமாக ஓடும்வரை ஆபத்தில்லை. ஓட்டம் நின்றால், எந்த வரிசையில் நின்றதோ அந்த வரிசை வெந்துபோகும்.

பலகையின் ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திருகு இருந்தது. பவானி அதைக் குறைத்திருக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேறு வழி எது? ஒரு மாணவி செய்ய வேண்டிய மிகச் சரியான காரியத்தைச் செய்திருக்கிறாள். பலகை அதற்குத் தண்டனை கொடுத்திருக்கிறது.

திரும்பி வரும் வழியில் மூர்த்தி சாரிடம் சொன்னேன். "சார், அந்தத் திருகக் கண்டிப்பா வெப்போம். எவ்ளோ மெதுவாக்கினாலும் எரியக்கூடாது. அவங்க என்ன தப்பு செஞ்சாலும் எரியக்கூடாது."

"என்ன தப்பு செஞ்சாலுமா? அப்பிடி ஒரு சர்க்யூட்டு இருக்கா கௌதமி?"

"செஞ்சு பாக்கலாம் சார்."

அந்த வாரம் நான் எழுதிக்கொண்டது பாகங்களின் பெயர்களை அல்ல. முதல் நாள் வருகிற ஒருத்தி என்னென்ன தப்பு செய்வாள் என்று யோசித்து, ஒவ்வொரு தப்புக்கும் ஒரு பதில் தேடினேன். பேட்டரியைத் தலைகீழாகப் போடுவாள்: கரண்ட்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றை வழியில் வைத்தால் கரண்ட் உள்ளேயே போகாது. எதையாவது ஷார்ட் செய்வாள்: தன்னைத்தானே காத்துக்கொள்ளும் மூன்று கால் ரெகுலேட்டர் போடலாம். ஐசி சிப்பைப் பிடுங்கித் திருப்பிக் குத்துவாள்: சாக்கெட் வேண்டாம், நேராகப் பலகையில் சால்டர் செய்துவிடலாம். புரோகிராம் எழுதத் தெரியாது: எழுதவே வேண்டாம். எந்த விளக்கு எரிய வேண்டுமோ, விளக்குகளுக்குக் கீழே அதற்குரிய துளையில் ஒரு சின்ன டயோடைச் செருகினால் போதும். தலைகீழாகச் செருகினால் அந்தப் புள்ளி மட்டும் எரியாது, வேறொன்றும் ஆகாது. கடைசியாக, வேகம். ஒரு வரிசை நாள் முழுக்க அணையாமல் எரிந்தாலும் தாங்கும் அளவுக்கு, கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரைக் கூட்டினேன். அதனால் எழுத்து முழுதாக ஓடும்போது கொஞ்சம் மங்கல்தான். அதைத் தெரிந்தேதான் செய்தேன்.

மேசையில் எல்லாம் சரியாக வேலை செய்தது. ஆனால் மேசை என் மேசை. தப்பு செய்கிற கை என் கையில்லை. எனக்கு எது தப்பென்று தெரியும், அதனால் என்னால் உண்மையான தப்பைச் செய்யவே முடியாது. நன்றாகத் தப்பு செய்ய ஒருவர் வேண்டியிருந்தது. ஸ்டெல்லா டீச்சரிடம் பவானியின் இடத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்பினேன்.

எண்ணூர் கடலோரத்தில் மீன் விற்கும் பெண்கள் வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சங்கரா மீனைச் சுத்தம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவள், நான் மையத்தின் பெயரைச் சொன்னதும் கத்தியை நிறுத்திவிட்டாள்.

"அந்தப் பலகைக்குக் காசு கேக்க வந்தியாக்கா?"

"இல்லம்மா. நான் ஒரு புதுப் பலகை செஞ்சிருக்கேன். அத நீ எரிச்சுக் காட்டணும்."

"இன்னாக்கா, நக்கலா? ஊருக்கே நான் எரிச்சவன்னு பேராயிடுச்சி. பேஜாரு புடிச்ச வேலன்னு விட்டுட்டு வந்து குந்திக்கினு கீறேன், நீ வேற."

நான் அலுவலகத் தமிழை ஓரமாக வைத்துவிட்டேன். வியாசர்பாடி குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆள். "நக்கலு இல்லமே. அன்னிக்கு அந்தத் திருகத் திருப்புனியே, இன்னாத்துக்குத் திருப்புன?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பேச்சு மாறியதும் முகமும் மாறியது.

"எல்லாம் ஒண்ணா எரியலன்னு தோணிச்சிக்கா. கண்ண வேகமா அப்டி இப்டி ஆட்னா புள்ளிங்க கலையிற மாரி தெரிஞ்சிது. அத்த மெதுவாக்கிப் பாக்கலாம்னு..."

"கரெக்டாத்தான் தோணிச்சி. நீ எதுவும் எரிக்கல. அந்தப் பலக, திருகினா எரியிற மாரி செஞ்ச பலக. திருகக்கூடாதுன்னா திருகு வெச்சிருக்கக்கூடாது."

பக்கத்துப் பெண்ணிடம் கூடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "குடு பாப்போம்."

பக்கத்து டீக்கடையின் பெஞ்சில் பலகையை வைத்தேன். பேட்டரிப் பெட்டியைத் தனியாகக் கொடுத்தேன். எதையும் சொல்லித் தரவில்லை. அவள் முதலில் வயரைத் தலைகீழாகச் செருகினாள், ஒன்றும் ஆகவில்லை. சரியாகச் செருகினாள், எரிந்தது. திருகை முழுக்கக் குறைத்தாள். ஒரே வரிசை அசையாமல் நின்றது, எரிந்துபோகவில்லை. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்து அவள் பேட்டரி வயரைப் பிடுங்கி, டயோடு செருகும் துளைகளில் ஒன்றில் வைத்து அழுத்தினாள். துளை ஒரே அளவு. வயரின் முனை சுலபமாக உள்ளே போனது.

மெலிதாக ஒரு 'டிக்'. கருப்பு ஐசியின் நடுவிலிருந்து நூல் மாதிரி புகை.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. "பாத்தியாக்கா. நான் சொன்னேன்ல." எழுந்து போகத் திரும்பினாள்.

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "சூப்பரு மே! இத்தத்தான் தேடிக்கினு இருந்தேன்."

"புகையுது, நீ சிரிச்சிக்கினு கீற?"

"வயரு போகக்கூடாத எடத்துல வயரு போற மாரி ஓட்ட வெச்சது யாரு?"

குனிந்து அந்தத் துளையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நீதான்."

"நான்தான். அடுத்த பலகையில பேட்டரி வயரு முனைய உருண்டையா, குண்டா போட்டுடுறேன். வேற எந்த ஓட்டையிலயும் நுழையாது. அப்புறம் நீ மறுபடி எரிக்கணும்."

"எரிக்கலன்னா?"

"எரியலன்னா நாம ஜெயிச்சோம்."

அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாகச் சிரித்தாள். எனக்குக் கட்டாயப்படுத்தி ஒரு பை நிறைய மீன் கொடுத்து அனுப்பினாள். அடுத்தடுத்த வாரங்களில் மீன் வியாபாரம் முடிந்ததும் காலடிப்பேட்டைக்கு பஸ் ஏறி வந்து பலகையோடு மல்லுக்கு நிற்பாள். சில நாள் அவள் ஜெயிப்பாள், சில நாள் பலகை ஜெயிக்கும். டீயைக் கொட்டினாள். ஈரக்கையால் தொட்டாள். திருகைப் பிடித்துப் பலகையைத் தூக்கினாள். திருகு கையோடு வந்துவிட்டது, அதை மாற்றினேன். பலகையின் வெற்றி நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. மூளை இரண்டு மடங்காக வேலை செய்த நாட்கள் அவை. இன்றைக்கு நினைத்தாலும் உற்சாகமாக இருக்கிறது.

மூர்த்தி சாருக்கு மட்டும் ஒரு குறை. "ரொம்ப டல்லா இருக்கே கௌதமி. வெளியூர் பலகை பளிச்சுன்னு கண்ணப் பறிக்குது. வாங்கறவன் மொதல்ல வெளிச்சத்ததான் பாப்பான். ரெசிஸ்டரக் கொஞ்சம் குறைச்சா என்ன?"

"குறைச்சா, திருகத் திருப்பினதும் எரியும் சார்."

"திருப்பாதீங்கன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாம்."

"அப்ப அந்தப் பழைய பலகையையே வாங்கிக்கலாமே சார்."

அவர் ஸ்டிக்கர் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் மனம் ஒப்பவில்லை என்பது தெரிந்தது.

கமிட்டி வருகிற நாள் வந்தது. பவானியை மறுபடி வகுப்பில் சேர்த்துக்கொண்ட ஸ்டெல்லா டீச்சர், செய்துகாட்டும் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்திருந்தார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆஸ்பெஸ்டாஸ் அறையின் நடுவே நீள மேசை. அதன்மேல் பலகை. பேட்டரியைச் செருகினாள். நானும் மூர்த்தி சாரும் டீச்சரும் குனிந்து பார்த்தோம்.

ஒன்றும் தெரியவில்லை.

பலகை எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வெயில் ஜன்னல் வழியாக நேராக மேசைமேல் விழுந்தது. கடலிலிருந்து வேறு பளபளப்பு. ஒர்க்‌ஷாப் டியூப் லைட்டில் மங்கலாகவாவது தெரிந்த எழுத்து இங்கே சுத்தமாகக் காணாமல் போய்விட்டது. மேசையை நகர்த்திப் பார்த்தோம். அறையில் நிழலான மூலையே இல்லை. ஜன்னல்களுக்குக் கதவும் இல்லை, திரையும் இல்லை.

மூர்த்தி சார் என்னை வெளியே கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். குறைந்த மதிப்பு ரெசிஸ்டர்கள். இப்படி ஆகும் என்று முன்பே நினைத்து எடுத்துவந்திருக்கிறார்.

"அஞ்சே அஞ்சு ரெசிஸ்டர் கௌதமி. சால்டரிங் அயர்ன் என் பையில இருக்கு. கமிட்டி இப்பதான் தையல் வகுப்புல உக்காந்திருக்கு. மாத்திடு. இன்னிக்கு மட்டும் திருகத் தொடவேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடு."

நான் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். பவானி பலகையின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் திட்டாத தைரியத்தோடு. அவளிடம் போய் "தொடாதே" என்று சொல்ல வேண்டும்.

அந்த நிமிடத்தில் என் தலைக்குள் ஓடியதை உங்களுக்கு முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதே நிலைமை உங்களுக்கும் வரும். சார் சொன்னது முட்டாள்தனமான யோசனை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு அது வேலை செய்யும். பலகை பளிச்சென்று எரியும், கமிட்டி தலையாட்டும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் அந்த ஆர்டர் தேவையாக இருந்தது. ஆனால் நாங்கள் வந்தது பலகையை விற்க மட்டுமில்லை. தொடலாம் என்று காட்ட வந்திருந்தோம். அதை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றினால், கையில் மிஞ்சுவது வெளிச்சம் மட்டும்தான்.

"மாத்த மாட்டேன் சார்" என்றேன். "வேற வழி இருக்கான்னு பாக்கலாம்."

"என்ன வழி? வெயில அணைக்கப் போறியா?"

கோபத்தில்தான் சொன்னார். ஆனால் அதுதான் சரியான கேள்வி. அதுவரை நாங்கள் இருவரும் விளக்கைக் கூட்டுவது பற்றியே வாதாடிக்கொண்டிருந்தோம். எங்கள் விளக்கில் குறையில்லை. அதைச் சுற்றியிருந்த வெயில்தான் அதிகம். கடைகளில் தொங்கும் சிவப்பு எண் கடிகாரங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. பட்டப்பகலிலும் படிக்க முடிகிறது. எப்படி? அவற்றின் முகத்தில் அடர்சிவப்பாக ஒரு தகடு இருக்கிறது. சிவப்பு வெளிச்சத்தை அது வெளியே விடும்; வெயிலின் மற்ற நிறங்களையெல்லாம் விழுங்கிவிடும். தகட்டுக்குப் பின்னால் எல்லாம் இருட்டு, விளக்கு மட்டும் தனியாகத் தெரியும்.

"சிவப்பு அக்ரிலிக் வேணும் சார். ஒரு கை அகலம் போதும்."

"எண்ணூர்ல இப்ப எங்க போய்..." என்று தொடங்கியவர், அவரே தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார். மெயின் ரோட்டில் டேங்கர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. லாரி நிற்கும் இடத்தில் லாரிக்கு ஸ்டிக்கரும் நம்பர் பிளேட்டும் செய்கிற கடை இல்லாமல் இருக்குமா? இருவரும் வேகமாக நடந்தோம். மூர்த்தி சார் பாதி தூரம் ஓடினார்.

கடைக்காரர் தாவூத் பாய் ஒரு நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் தலையைச் சொறிந்தார். "செவப்பு கீது. ஆனா துண்டு துண்டாத்தான் கீது, வெட்டிப் போட்டது. இன்னாத்துக்கு?"

"எல்இடி முன்னால வெக்க பாய்."

குப்பைக் கூடையைக் கவிழ்த்தார். வெளிர் சிவப்பு, ஆரஞ்சு கலந்த சிவப்பு, எல்லாவற்றையும் ஒதுக்கி, அடர்சிவப்பில் ஒரு துண்டை வெயிலுக்கு எதிரே பிடித்துக்காட்டினார். அதன் வழியே பார்த்தால் எதிரே நின்ற லாரியே இருட்டாகத் தெரிந்தது. "இத்தானே?"

"இதேதான்."

அளவு சொன்னதும் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு பக்கம் ஊதி நீட்டினார். "எட்துக்கினு போங்க. குப்பைதானே."

திரும்பி வந்தபோது தையல் வகுப்பிலிருந்து கமிட்டி எழுந்து வந்துகொண்டிருந்தது. நான்கு மூலையிலும் மெழுகு மாதிரிப் பசையை உருட்டிவைத்துத் தகட்டை விளக்குகளின்மேல் அழுத்தினேன். பவானி பேட்டரியைச் செருகினாள்.

கருஞ்சிவப்பு இருட்டுக்குள் 'ப' என்ற எழுத்து எழுந்து நின்றது. இரண்டு கால், ஒரு அடி, ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக. அதே பலகை, அதே ரெசிஸ்டர், அதே வெயில். மூர்த்தி சார் என் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்தப் பொட்டலத்தை அவர் பைக்குள் எப்போது போட்டார் என்று நான் பார்க்கவில்லை.

கமிட்டியில் ஐந்தாறு பேர். அவர்களில் வயதான ஒருவர், மணலியில் ஒரு ஆலையின் மின்பிரிவுக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர் பலகையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. போன தடவை வாங்கின பலகையும் நல்லாத்தான் இருந்துச்சு. அது எவ்வளவு நாள் வந்துச்சு?"

ஸ்டெல்லா டீச்சர் வாயைத் திறப்பதற்குள் பவானி பேசினாள்.

"அத்த எரிச்சது நான்தான் சார்."

பின்னால் நின்றிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதுல இருந்த திருகத் திருப்பினேன், எரிஞ்சிடுச்சி. இப்ப இத்தயும் திருப்புறேன், பாருங்க." திருகைக் குறைத்தாள். 'ப' நடுங்கியது, கலைந்தது, வரிசை வரிசையாக நடக்கத் தொடங்கியது, கடைசியில் ஒரே வரிசையாக நின்றுவிட்டது. அப்படியே விட்டாள். "எம்மா நேரம் வேணா நிக்கட்டும் சார். எரியாது." பிறகு மெதுவாகக் கூட்டினாள். வரிசைகள் ஓடின, பறந்தன, சேர்ந்து மறுபடியும் 'ப' ஆனது. கமிட்டியில் ஒரு அம்மாள் தன்னையறியாமல் "அட!" என்றார்.

பவானி நிறுத்தவில்லை. பேட்டரியைத் தலைகீழாக மாட்டிக் காட்டினாள். டயோடுகளைப் பிடுங்கித் திருப்பிக் குத்தினாள். ஈரக்கையை வைத்துத் தேய்த்தாள். ஒவ்வொரு தடவையும் எழுத்து கலைந்தது அல்லது அணைந்தது. ஒவ்வொரு தடவையும் சரிசெய்ததும் திரும்பி வந்தது. அவள் குரல் ஏறிக்கொண்டே போனது, கடலோரத்தில் மீன் ஏலம் போடுகிற குரல் மாதிரி.

"சார், நீங்களே வந்து இன்னா தப்பு வேணா பண்ணுங்க சார்!"

பெரியவருக்கு முகத்தில் ஒரு குறும்பு வந்தது. மேசையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "நேரா சப்ளையையே ஷார்ட் பண்ணிடவா?"

பவானி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஒர்க்‌ஷாப்பில் சோதித்தது வேறு, ஒரு வகுப்பே காத்துக்கொண்டிருக்கும்போது நடப்பது வேறு.

"பண்ணுங்க சார்" என்றாள்.

அவர் ரெகுலேட்டரின் மூன்று கால்களில் இரண்டை ஸ்குரூ டிரைவரால் சேர்த்துப் பிடித்தார். பலகை அணைந்தது. அவர் எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை எடுத்தார்.

'ப' வந்து நின்றது.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை யார் டிசைன் பண்ணது?"

மூர்த்தி சார் என்னைக் காட்டினார். நான் பவானியைக் காட்டினேன். "நான் செஞ்சது சார். ஆனா இது தாங்கற அளவுக்குக் கொண்டுவந்தது இவங்க."

அதற்குள் பின்னால் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். "ஏமே பவானி, எனக்கு ஒரு தபா குடு." "நான் மொதல்ல." யாரோ ஒருத்தி டயோடுகளைப் பிடுங்கித் தன் பெயரின் முதல் எழுத்தை வைக்க முயன்றாள். அவள் பெயர் அஞ்சலி. ஐந்துக்கு ஏழு கட்டத்தில் 'அ' அடங்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அரைகுறையாக ஏதோ ஒரு எழுத்து வந்தது, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மறுபடி பிடுங்கினாள். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெட்டியிலிருந்த இன்னொரு பலகையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

கமிட்டி போகும்போது வகுப்பை மூடுகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. வகுப்பு முழுமைக்கும் ஆளுக்கொரு பலகை வேண்டும் என்று ஸ்டெல்லா டீச்சரிடமே சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு வந்த வருடங்களில் அந்தப் பலகை எத்தனையோ பள்ளிக்கூட மேசைகளில், தொழிற்பயிற்சி நிலையங்களில் உட்கார்ந்தது; எங்கள் ஒர்க்‌ஷாப் அதை வைத்துத்தான் நிமிர்ந்தது. இன்றைக்கு நீங்கள் செய்யும் பெரிய பலகைகளை எல்லாம் பார்க்கிறேன். வெளிச்சம், நிறம், வேகம் எல்லாம் அபாரம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் முடிந்ததும், அதைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். அவர் தப்பு செய்ததும் உங்களுக்குக் கோபம் வந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அன்று மாலை சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது மூர்த்தி சார் பவானியைக் கூப்பிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"திங்கக்கிழமைலேருந்து ஒர்க்‌ஷாப்புக்கு வந்துடும்மா. சம்பளம் பேசிக்கலாம்."

"இன்னா வேல சார்?"

"இதே வேலதான். நாங்க செய்யிற ஒவ்வொண்ணையும் நீ எரிச்சுக் காட்டணும்."

பவானி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "எரியலன்னா?"

"எரியலன்னா விக்கலாம்" என்றார் மூர்த்தி சார்.